ஸ்டவுட்டின் கறுப்பு

அன்புள்ள ஐயா,

உங்கள் அயர்லாந்துப் பயணக் குறிப்பில் கறுப்பு பீரை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். கொழும்பில் நெடுங்காலம் வேலைபார்த்த என் மாமா, ‘ஸ்டவுட்தான் சரக்கு, மற்ற பீரெல்லாம் தண்ணீர்’ என்பார். இரும்புச்சத்துக்காகப் பிள்ளை பெற்றவர்களுக்கும் கொடுப்பதுண்டு என்பார். கறுப்பாக இருப்பதால்தான் அதற்கு அவ்வளவு வீரியமா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்கள் மாமா குடித்ததைப் பற்றி அவர் சொன்னது சரிதான். இன்று இலங்கையில் விற்கும் லயன் ஸ்டவுட்டில் ஆல்கஹால் 8.8 சதவீதம். ஆனால் டப்ளின் மதுவிடுதியில் பீப்பாயிலிருந்து பிடித்துத் தரும் கின்னஸ் என்ற அயர்லாந்து ஸ்டவுட்டில் இருப்பது 4.2 சதவீதம் மட்டுமே. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பொன்னிற பீர் பலவற்றைவிட அது குறைவு. இரண்டும் ஒரே கறுப்பு.

ஸ்டவுட் என்ற சொல் தொடக்கத்தில் நிறத்தைக் குறிக்கவே இல்லை. திடமான பீர் எதுவானாலும் ஸ்டவுட்தான்; வெளிர்நிற ஸ்டவுட்கூட இருந்தது. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் சுமைகூலிகள் விரும்பிக் குடித்ததால் போர்ட்டர் என்று பெயர்பெற்ற பழுப்பு பீரின் திடமான வகையை ‘ஸ்டவுட் போர்ட்டர்’ என்றார்கள். பின்னால் போர்ட்டர் உதிர்ந்து ஸ்டவுட் நின்றது.

கறுப்பு வந்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதைக் கொண்டுவந்தவை ஓர் அளவுகருவியும் ஒரு சட்டமும். திரவத்தில் எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்று காட்டும் அடர்த்திமானி புழக்கத்துக்கு வந்தபோது, பழுப்பு மால்ட்டைவிட (மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி) வெளிர் மால்ட்டிலிருந்து அதிகச் சர்க்கரை இறங்குவதைப் பீர் ஆலைக்காரர்கள் கண்டுகொண்டு, செலவு மிச்சமென்று அதற்கு மாறினார்கள். பீர் வெளுத்தது. வாடிக்கையாளர் முகம் சுளிக்கவே, கருக்கிய சர்க்கரையைக் கலந்து நிறமேற்றினார்கள். 1816இல் பிரிட்டிஷ் அரசு அதைத் தடைசெய்தது. மறு ஆண்டே டேனியல் வீலர் என்பவர், காப்பிக்கொட்டை வறுப்பதுபோல் மால்ட்டைச் சுழலும் உருளையில் வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கருக வறுத்த மால்ட் கொஞ்சம் சேர்த்தால் போதும், அண்டா முழுவதும் கறுத்துவிடும். அப்படிக் கருகிய தானியத்திலிருந்து நொதித்து ஆல்கஹாலாக மாறக்கூடிய சர்க்கரை அதிகம் கிடைக்காது என்பதால், உங்கள் கேள்விக்கு விடை இங்கேயே இருக்கிறது: கறுப்பைத் தரும் பொருளுக்குப் போதையில் பெரிய பங்கில்லை.

அப்படியானால் மாமாவின் புட்டிக்கு அந்த வேகம் எப்படி வந்தது? ஆர்தர் கின்னஸ் 1759இல் ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில் 9000 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்த ஆலையில் (அந்தக் கால வழக்கறிஞர்களின் தன்னம்பிக்கையை எண்ணி நான் வியப்பதுண்டு), கரீபியத் தீவுகளுக்கான போர்ட்டரின் செய்முறை 1801இல் பதிவாகியிருக்கிறது. நெடுங்கடல் பயணத்தில் கெட்டுப்போகாமலிருக்க அதில் ஹாப்ஸும் (பீருக்குக் கசப்பு தரும் பூ) ஆல்கஹாலும் கூடுதலாக வைத்தார்கள். வெப்பநாடுகளில் பழகிப்போனது அந்த வகைதான்.

டப்ளினில் பரிமாறுபவர் கண்ணாடிக் குவளையைச் சாய்த்து முக்கால்வாசி நிரப்பி, மேடைமேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். குவளைக்குள் பழுப்பு மேகம்போல் ஏதோ குழம்ப, ஓரத்துக் குமிழிகள் மேலே வராமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. நடுவில் குமிழிகளோடு ஏறும் பீர் ஓரங்களில் திரும்பி இறங்கும்போது சிறு குமிழிகளையும் இழுத்துச் செல்வதால் வரும் காட்சி அது. 1959இல் மைக்கேல் ஆஷ் என்ற கணிதவியலாளர் கின்னஸில் உருவாக்கிய நைட்ரஜன் முறையால் குமிழிகள் அவ்வளவு நுண்ணியவையாக இருக்கின்றன. நுரை பாலாடைபோல் நிற்பதும் அதனால்தான். தெளிந்தபின் விளக்குக்கு எதிரே பிடித்தால் கறுப்பு அல்ல, மாதுளைச் சிவப்பு.

இரும்புச்சத்துக் கதையை விட்டுவிடுங்கள். 1929இல் தொடங்கிய ‘கின்னஸ் உடம்புக்கு நல்லது’ என்ற விளம்பரம் இந்த நம்பிக்கையை நன்றாகவே ஊட்டி வளர்த்தது; உண்மையில் அதிலுள்ள இரும்பு மிகச் சொற்பம். தாய் குடிக்கும் ஆல்கஹாலோ பாலில் இறங்கும்.

மாமாவின் வகையைக் குடித்துப் பார்ப்பதானால், குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கால்மணி நேரம் வெளியே வையுங்கள். பனிக்குளிரில் வறுத்த காப்பியின் மணமும் பனைவெல்லச் சாயலும் நாக்குக்கு எட்டாது. ஒரு புட்டியை இருவர் பகிர்ந்துகொள்வது உத்தமம்.