கட்டட வேலைத் தூசி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: குடியிருந்துகொண்டே குளியலறையைப் புதுப்பிக்கிறோம். டைல்ஸ் வெட்டும் முன் தரையெல்லாம் தண்ணீர் தெளித்தும் வீடு முழுக்கத் தூசி. ஏன்?

பதில்: பிளேடு டைல்ஸைத் தொடும் இடத்தில்தான் தண்ணீர் விழ வேண்டும். தூசி காற்றில் ஏறிவிட்டால் தரை ஈரமாக இருந்து பயனில்லை. கண்ணுக்குத் தெரியும் தூள் சீக்கிரம் படிந்துவிடும். நுரையீரலின் அடிவரை போகும் நுண்துகள் மணிக்கணக்கில் மிதக்கும். டைல்ஸ், கிரானைட், கான்கிரீட் மூன்றிலும் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா என்ற தாது உண்டு.

நேர்வெட்டுக்குக் கோடு கீறி ஒடிக்கும் கை கட்டர் போதும். தூசி அநேகமாக எழாது. மற்ற வெட்டுகளுக்குத் தண்ணீர்க் குழாய் பொருத்திய மெஷின் வேண்டும். நிமிடத்துக்கு அரை லிட்டராவது பாய வேண்டும். வெள்ளையாகப் புகைந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். சாதாரண கிரைண்டரில் பாட்டிலால் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள், ஷாக் அடிக்கும். எந்த மெஷினானாலும், மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வழியாகவே மின்சாரம் எடுங்கள். வெட்டும்போது சேரும் சேற்றை அன்றே வழித்து அள்ளிவிட வேண்டும். காய்ந்து மிதிபட்டால் மறுபடியும் அதே தூசிதான்.

கேள்வி: வயரிங்குக்காகச் சுவரில் காடி எடுக்கத் தண்ணீர் விட முடியாதே?

பதில்: தூசி உறிஞ்சும் மூடி பொருத்திய மெஷினும் நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள வேக்யூம் கிளீனரும் வாடகைக்குக் கிடைத்தால் அதுவே சரி. வீட்டு வேக்யூம் வேண்டாம். நுண்தூளைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். கிடைக்காவிட்டால் உளியும் சுத்தியலும் கிரைண்டரைவிட நல்லது: சில்லு பெரிதாக விழும், நுண்தூள் குறையும். வாசலில் இரண்டு பிளாஸ்டிக் ஷீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படியத் தொங்கவிடுங்கள். மின்விசிறி, ஏசி அணைத்திருக்கட்டும். ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேனை வெளிப்பக்கம் ஊதும்படி வைத்தால் வீட்டுக் காற்று வேலை நடக்கும் அறைக்குள் வந்து வெளியேறும், தூசி எதிர்த்திசையில் வராது. முடிந்ததும் துடைப்பத்தைத் தொடாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் ஒரு வார்டின் சீலிங்கை இடிக்கப்போகிறார்கள். பக்கத்திலேயே கீமோ எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஷீட் கட்டினால் போதுமா?

பதில்: போதாது. பழைய சீலிங், ஈரம்பட்ட சுவர், ஏசி குழாய் இவற்றில் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை இருக்கலாம். அதன் வித்துகள் 2 முதல் 3.5 மைக்ரான் அளவே. ஆரோக்கியமான உடல் சமாளித்துவிடும். ரத்தப் புற்றுநோய், எலும்பு மஜ்ஜை மாற்று, நீண்டகால ஸ்டீராய்டு சிகிச்சையில் இருப்பவர்களின் நுரையீரலிலோ அது உயிரைக் குடிக்கும் தொற்றாகலாம். ஆகவே அவர்களை முதலில் தூரமான வார்டுக்கு மாற்றுங்கள். வேலை அதற்குப் பிறகுதான்.

தடுப்பு, தரையிலிருந்து மேல்தளக் கான்கிரீட் வரை போக வேண்டும். பல இடங்களில் ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு மேலுள்ள வெற்றிடம் வழியாகத் தூசி அடுத்த வார்டில் இறங்குகிறது. ஏசி திறப்புகளை மூடி ஒட்டுங்கள். வேலைப் பகுதியின் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைந்தது 2.5 பாஸ்கல் தாழ்ந்திருக்க வேண்டும். வெளியேறும் காற்று ஹெப்பா வழியாகப் போகட்டும். காற்றை வெளியேற்றும் ஃபேன் இரவிலும் ஓட வேண்டும். வேலையாட்கள் போனதும் சுவிட்சை அணைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. இடிபாட்டை நனைத்து, மூடிய தொட்டியில், நோயாளிகள் பயன்படுத்தாத லிஃப்டில் இறக்குங்கள். தொற்றுத் தடுப்புக் குழு கையெழுத்திடாமல் ஒரு ஆணியைக்கூடப் பிடுங்க விடாதீர்கள்.

கேள்வி: சித்தாள்களுக்குத் துணி மாஸ்க் கொடுக்கிறோம். சரியா?

பதில்: துணியும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் சிலிக்காவைத் தடுக்காது. என்95 மாஸ்க் அல்லது ஐ.எஸ். 9473 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள எஃப்.எஃப்.பி.2 மாஸ்க் கொடுங்கள். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும். சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸைக் குணப்படுத்த மருந்தில்லை, அது வந்தவர்களுக்குக் காசநோயும் எளிதில் தொற்றும். யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். என்ன வேலை செய்கிறார் என்பதை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: பக்கத்து மனைக்காரர் எம்-சாண்டைத் தெருவில் கொட்டி வைத்திருக்கிறார். கேட்க முடியுமா?

பதில்: தாராளமாக. காற்றில் துகள் அளவு தேசிய வரம்பைத் தாண்டும் நகரங்களுக்கு மத்திய அரசு 2018 ஜனவரியில் விதி கொண்டுவந்தது. சாலையோரத்தில் பொருட்களைக் குவிப்பதும், மணலை மூடாமல் விடுவதும், திறந்தவெளியில் கல் அறுப்பதும் அங்கே தடை. கட்டட உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதிகபட்சம் 10 மீட்டர் வரை காற்றுத்தடுப்பும் கட்ட வேண்டும். முதலில் மேஸ்திரியிடம் தார்ப்பாய் போடச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் தேதி தெரியும் புகைப்படத்தோடு மாநகராட்சியிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் எழுத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: பழைய வீட்டு மாடியில் புறா எச்சம் கட்டியாகக் கிடக்கிறது. இடிக்கும் முன் பெருக்கிவிடலாமா?

பதில்: காய்ந்த எச்சத்தைப் பெருக்கவே கூடாது, கிரிப்டோகாக்கஸ் போன்ற பூஞ்சைகள் மூச்சில் ஏறும். கைத்தெளிப்பானால் மெல்ல நனைத்து, நன்றாக ஊறிய பிறகு சுரண்டி, பையில் கட்டுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், அது எச்சத்தைச் சிதறடிக்கும். இங்கேயும் என்95 அவசியம்.