பால் கொட்டியதா, சிந்தியதா?

கேள்வி: ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் வீட்டுப்பாடத்தில் 'தம்பி பாலைச் சிந்தித்தான்' என்று எழுதியிருந்தான். 'சிந்தினான்' என்று திருத்தினேன். ஏன் என்று கேட்டான், சொல்லத் தெரியவில்லை. 'நாம கொட்டிட்டான்னுதானே சொல்வோம்?' என்று அடுத்த கேள்வி வேறு. எது சரி?

பதில்: உங்கள் திருத்தம் சரி. பையன் எழுதியபடி பார்த்தால் தம்பி பாலைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறான்.

இங்கே இரண்டு வினைகள் இருக்கின்றன. சிந்து என்பது சிந்துகிறான், சிந்தினான், சிந்துவான் என்று போகும். யோசிப்பதைக் குறிக்கும் சிந்தி, சிந்திக்கிறான், சிந்தித்தான், சிந்திப்பான் என்று போகும். முன்னது தமிழ்ச் சொல், பின்னது வடமொழியின் சிந்தாவிலிருந்து வந்தது. உறவு எதுவும் இல்லை. ஆனால் 'சிந்திவிட்டான்' என்பதில் வரும் எச்சமும், 'நன்றாகச் சிந்தி' என்னும் ஏவலும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் பிள்ளைகள் குழம்புகிறார்கள். எதிர்மறையில் வைத்துக் காட்டுங்கள், உடனே பிடிபடும்: பால் டம்ளரைத் தூக்குகிறவனிடம் 'சிந்தாதே' என்போம், 'சிந்திக்காதே' என்று யாரும் சொல்வதில்லை.

அடுத்தது, கொட்டுவதா சிந்துவதா? அளவுதான் முதல் வித்தியாசம். டம்ளர் தளும்பி ஓரத்தில் நாலு சொட்டு விழுந்தால் சிந்தியது. டம்ளரே கவிழ்ந்தால் கொட்டியது. அதோடு, கொட்டுவதை வேண்டுமென்றே செய்யலாம்: குப்பையைக் கொட்டுகிறோம், அரிசியை டப்பாவில் கொட்டுகிறோம். பாலையோ குழம்பையோ யாரும் திட்டம் போட்டுச் சிந்துவதில்லை, கை தவறித்தான் சிந்தும். அரிசி, சில்லறை போன்றவை நாலா பக்கமும் ஓடினால் அதற்குச் சிதறு என்ற சொல் இருக்கிறது. 'சிந்தாமல் சிதறாமல் கொண்டு வா' என்று பாட்டிமார் சொன்னது ஈரம், உலர்ந்தது இரண்டையும் சேர்த்துத்தான்.

சமையலறையை விட்டு வெளியே வந்தால் நிலைமை மாறிவிடுகிறது. மின்விசிறி இல்லாத அறையில் வியர்வை கொட்டுகிறது, ஆனால் வயலில் 'வியர்வை சிந்தி' உழைக்கிறார்கள். கத்தி பட்டால் ரத்தம் கொட்டும், விடுதலைக்காக ரத்தம் சிந்துவார்கள். அடுக்களையில் சிறு தவறாக இருந்த சிந்துதலுக்கு இங்கே ஒரு மதிப்பு கூடிவிடுகிறது, எதற்காகவோ கொடுத்தது போல. அதனால்தான் கண்ணீரோடும் இந்தச் சொல் இவ்வளவு பொருந்துகிறது. வெங்காயம் நறுக்கும்போது வருவதைக் கண்ணீர் சிந்துவது என்று எழுதினால் எனக்குச் சிரிப்பு வரும். (மூக்கையும் சிந்துகிறோமே என்று பையன் கேட்டால், அங்கே எந்தத் தியாகமும் இல்லை என்று ஒத்துக்கொள்ளுங்கள்.)

தேள் கொட்டுவது, மேளம் கொட்டுவது, முடி கொட்டுவது எல்லாம் கொட்டு பக்கம். இதில் எதையும் சிந்து என்று மாற்ற முடியாது.

வீட்டுப்பாடத்துக்கு உதவும் இன்னொரு விஷயம். கண்ணாடி உடைந்தது, தம்பி கண்ணாடியை உடைத்தான் என்று வினையின் வடிவம் மாறுகிறது அல்லவா? கொட்டு, சிந்து இரண்டும் அப்படி மாறுவதில்லை. பால் சிந்தியது, தம்பி பாலைச் சிந்தினான், இரண்டுக்கும் ஒரே சிந்துதான். ஆளைச் சொன்னால் பாலுக்கு ஐ சேரும், பின்னால் ச் மிகும். ஆளை விட்டுவிட்டால் பால் தானாகவே சிந்தியதாக ஆகிவிடும். எந்த வீட்டிலும் பிள்ளைகள் 'பால் கொட்டிடுச்சும்மா' என்று வந்து நிற்பார்களே தவிர, 'பாலைக் கொட்டிட்டேன்' என்று வந்து நின்றதை நான் அதிகம் பார்த்ததில்லை. உங்கள் பையன் தம்பியைச் சேர்த்து எழுதியதற்கும் காரணம் இருக்கும், விசாரியுங்கள்.