தேடுபொறி நிறுவுதல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 4 ஜிபி ரேம் உள்ள கிளவுட் சர்வரில் எங்கள் இணையதளமும் டேட்டாபேஸும் ஓடுகின்றன. அதிலேயே டாக்கர் (புரோகிராம்களைத் தனித்தனிக் கண்டெய்னர்களில் ஓட்டும் மென்பொருள்) வழியாக எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறியைப் போட்டேன். முதலில் கிளம்பவே இல்லை. இப்போது கிளம்புகிறது, பத்து நிமிடத்தில் 137 என்று காட்டி நின்றுவிடுகிறது.
– கோவை வாசகர்

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறுகள். கிளம்பாததற்குப் பெரும்பாலும் காரணம் லினக்ஸின் விஎம்.மேக்ஸ்_மேப்_கவுண்ட் (vm.max_map_count), அதாவது ஒரு புரோகிராம் எத்தனை நினைவகப் பகுதிகளை வைத்திருக்கலாம் என்ற வரம்பு. பல சர்வர்களில் அது 65,530 என்றே இருக்கும். குறைந்தது 2,62,144 வேண்டும். கண்டெய்னருக்குள் அல்ல, சர்வரில் மாற்றுங்கள். லினக்ஸ் அமைப்புகளைச் சேமிக்கும் சிஸ்கண்ட்ரோல் (sysctl) கோப்பிலும் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ரீபூட்டில் பழையபடி ஆகிவிடும்.

137 என்றால் அந்த புரோகிராம் வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டது என்று பொருள். ரேம் தீர்ந்ததும் லினக்ஸ் இப்படித்தான் செய்யும். டாக்கர் இன்ஸ்பெக்ட் கட்டளை காட்டும் விவரத்தில் 'ஊம்கில்டு' (OOMKilled) என்பதற்கு நேரே 'ட்ரூ' (true) என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். இந்த இடத்தில் பலர் ஹீப்பை, அதாவது எலாஸ்டிக்சர்ச்சை ஓட்டும் ஜாவாவுக்கு ஒதுக்கும் ரேமை, கூட்டிவிடுகிறார்கள். அது நிலைமையை இன்னும் கெடுக்கும். ஹீப்புக்கு வெளியேயும் எலாஸ்டிக்சர்ச்சுக்கு ரேம் வேண்டும். இண்டெக்ஸ் கோப்புகளை வேகமாகப் படிப்பதே லினக்ஸ் மிச்ச ரேமில் வைத்திருக்கும் கேஷிலிருந்துதான். உங்கள் சர்வருக்கு 1 ஜிபி ஹீப் போதும். ஹீப்பின் தொடக்க அளவான எக்ஸ்எம்எஸ் (Xms), உச்ச அளவான எக்ஸ்எம்எக்ஸ் (Xmx) இரண்டுக்கும் அதே அளவைக் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். டாக்கரில் எலாஸ்டிக்சர்ச்சின் 9200 போர்ட்டை அப்படியே திறந்தால் உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் அதைத் தடுக்காது. டாக்கர் தன் விதிகளை நேரடியாக லினக்ஸின் அடிப்படை ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் எழுதுகிறது. போர்ட்டை '127.0.0.1:9200:9200' என்று கொடுங்கள்; அப்போது அந்த சர்வரிலிருந்து மட்டுமே அணுக முடியும். 2020 ஜூலையில் 'மியாவ்' தாக்குதல் அழித்ததெல்லாம் இப்படித் திறந்து கிடந்த டேட்டாபேஸ்களைத்தான்.

சில ஆயிரம் பக்கங்கள் மட்டும் என்றால் மெய்லிசர்ச் என்ற எளிய தேடுபொறியே போதும்.

கேள்வி: எலாஸ்டிக்சர்ச்சில் 'கொடி' என்று தேடினால் பாதிக் கட்டுரைகள் வருவதில்லை. எழுத்துப்பிழையும் இல்லை.
– யாழ்ப்பாண வாசகர்

பதில்: பிழை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கலாம். யூனிகோடில் 'கொ' இரண்டு விதமாகப் பதிவாகும்: ககரத்தோடு ஒகரக் குறி ஒரே குறியீடாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடுபொறிக்கு இரண்டும் வேறு சொற்கள். 'கோ', 'கௌ' எழுத்துகளுக்கும் இதே கதி.

அனாலிசிஸ்-ஐசியு (analysis-icu) பிளக்இன் போட்டு, இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கும் ஐசியு நார்மலைசரை, உரையைச் சொற்களாகப் பிரிக்கும் டோக்கனைசருக்கு முன்னால் கேரக்டர் ஃபில்டராக வையுங்கள். டாக்கர் என்றால் பிளக்இன்னை டாக்கர்ஃபைலில் சேர்த்து இமேஜாக (கண்டெய்னரை உருவாக்கும் மூல வடிவமாக) கட்டுங்கள். ஓடும் கண்டெய்னருக்குள் போட்டால், கண்டெய்னரைப் புதிதாக உருவாக்கும்போது காணாமல் போகும்.

பழைய இண்டெக்ஸ் தானாகத் திருந்தாது. புது அமைப்போடு இன்னொரு இண்டெக்ஸ் உருவாக்கி, பழையதிலிருந்து அதற்கு ரீஇண்டெக்ஸ் செய்து, முடிந்ததும் ஏலியஸை (இண்டெக்ஸைக் குறிக்கும் மாற்றுப்பெயரை) புதியதற்கு மாற்றுங்கள். 'கொடியை', 'கொடியில்' போன்ற வேற்றுமை வடிவங்களை இது சேர்க்காது. அதற்குச் சொல்லின் விகுதிகளை நீக்கும் ஸ்டெம்மர் தனியாக வேண்டும்.