இன்சுலின் எதிர்ப்புக்கு இலை மருந்து: கேள்வி பதில்

கல்லூரியில் மருந்தியல் பாடம் எடுப்பவன் நான், மருத்துவர் இல்லை. மூலிகை பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: சார், சிறுகுறிஞ்சான் இன்சுலின் எதிர்ப்பைக் குறைக்குமா?

ரத்தத்தில் சர்க்கரை இறங்குவது வேறு, எதிர்ப்பு குறைவது வேறு. இன்சுலின் சுரந்தும் தசையும் ஈரலும் அதற்கு இணங்காமல் இருப்பதுதான் எதிர்ப்பு. குறிஞ்சான் இலையை மென்றபின் சர்க்கரை மணல் மாதிரி இருக்கும், ஜிம்னிமிக் அமிலம் நாக்கின் இனிப்புணர்வை மறைத்துவிடும், அதை வைத்து ரத்தத்தில் நடப்பதைச் சொல்ல முடியாது. 1990இல் வெளியான சென்னை ஆய்வில் 22 பேருக்கு வழக்கமான மாத்திரையோடு தினம் 400 மி.கி. இலைச்சாரத்தை 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது, 5 பேரால் மாத்திரையையே விட முடிந்தது. நல்ல சேதிதான். ஆனால் 22 பேர் போதாது, அதோடு ஆய்வாளர்கள் காட்டியது ரத்தத்தில் இன்சுலின் கூடியதை, எதிர்ப்பு குறைந்ததை அல்ல. இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை போடுபவர்கள் தாமாக இதைச் சேர்த்தால் லோ சுகர் வரலாம்.

கேள்வி: கொய்யா இலை டீ?

மாவுச்சத்து உடைவதைத் தாமதப்படுத்தும். மல்பெரி இலையும் அப்படியே.

கேள்வி: இன்சுலின் செடி இலை தினம் ஒன்று தின்கிறேன். மாத்திரையை நிறுத்தலாமா?

வேண்டாம். பெயரில்தான் இன்சுலின், இலையில் கிடையாது. இருந்தாலும் அது புரதம், வயிற்றில் செரித்துவிடும்.

அவரே மறுபடி: என் மாமனாருக்கு 300 இருந்தது 160 ஆச்சு. உங்களுக்கு இலை என்றாலே ஆகாது.

அப்படிச் சொல்லாதீர்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரைக்கு வழிகாட்டியதே ஒரு செடிதான், ஐரோப்பாவின் கலேகா. அதிலிருந்த கலிஜின் சர்க்கரையை இறக்கியது, ஆனால் நஞ்சு. அதே வேதியியல் குடும்பத்தில் பிறந்தது மெட்ஃபார்மின், 1957இல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். ஈரல் சர்க்கரையைக் கொட்டுவதை அது அடக்குகிறது. எது, எவ்வளவு, எங்கே வேலை செய்கிறது என்று பார்த்ததால்தான் இலை மருந்தானது. சரி, மாமனார் வேறென்ன மாற்றினார்?

கேள்வி: வேப்பங்கொழுந்து சாப்பிட்டால் மாத்திரையை...

நிறுத்தாதீர்கள். மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: எதிர்ப்பு இருப்பது எப்படித் தெரியும்?

வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் (mg/dL) இன்சுலினையும் (µU/mL) பெருக்கி 405ஆல் வகுத்துப் பார்ப்பார்கள், எண் கூடினால் எதிர்ப்பும் கூடுதல்.

கேள்வி: முருங்கை இலை சாப்பிட்டு மாத்திரையை விடலாமா?

கூடாது.

இன்சுலின் செடிக்காரர்: கேட்டேன் சார். ராத்திரிச் சோற்றை விட்டு 2 மாதமாம், சாயங்காலம் நடக்கிறாராம்.

நடைதான் தசையை இன்சுலினுக்கு இணங்க வைக்கும், அதை விடச் சொல்லாதீர்கள். இலை தின்பதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம், 160க்கு இறங்கிய பிறகு மாத்திரை அளவை அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.