பழைய டயரைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள்

இணையத்தில் ஒரு கார் டயருக்கு நானூறு ரூபாய் வரை குறைவாகக் காட்டுகிறது, அப்படியிருக்க உள்ளூர்க் கடையில் வாங்க ஏதாவது காரணம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. அந்த நானூறு ரூபாய்க்காக நானும் ஒருமுறை இணையத்தில் இரண்டு டயர்கள் வாங்கினேன். அதன்பின் இரண்டு முறை டயர் மாற்றியாயிற்று. இரண்டு முறையும் கடையில்தான்.

முதலில் இணையத்துக்கு ஏன் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். எனக்குத் திருச்சியில் வீடு, பெரம்பலூரில் வேலை. போக வர தினமும் நூறு கிலோமீட்டருக்கு மேல் நானேதான் ஸ்விஃப்ட் ஓட்டுகிறேன். ஆனால் டயர் கடைக்குப் போனால் விலையை என் தம்பியிடம்தான் சொல்வார்கள். அவனுக்குக் கார் ஓட்டவே தெரியாது. இந்த டயருக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று நான் கேட்டால், "எல்லாமே நல்ல டயர்தான் மேடம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இணையத்தில் அந்தத் தொல்லை இல்லை. அளவைக் கொடுத்தேன், ஏழெட்டு கம்பெனிகளின் விலை வரிசையாக வந்தது, நிதானமாகப் படித்துப் பார்த்து வாங்கினேன். அந்த மரியாதை எனக்குப் பெரிதாகவே இருந்தது.

நான்காம் நாள் டயர்கள் வந்தன. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. எனக்கு வந்த இரண்டில் ஒன்று ஒன்பது மாதப் பழசு; மற்றது இரண்டு ஆண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. வெயில் படாமல் முறையாக அடுக்கி வைத்திருந்தால் அது கெட்டுப்போன டயர் இல்லைதான். ஆனாலும் புது டயருக்கு உரிய முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு அதன் ஆயுளில் இரண்டு ஆண்டைக் கிடங்குக்குத் தாரை வார்க்க யாருக்கு மனம் வரும்? தளத்தில் போட்டிருந்த படத்தில் அந்த இலக்கங்கள் கிடையாது. கடையில் என்றால், "இந்த ஆண்டுச் சரக்கை எடுங்கள்" என்று நின்று கேட்கலாம்.

டயர்களைப் பின் இருக்கையில் போட்டுக்கொண்டு இரண்டு கடை ஏறினேன். முதல் கடையில், வெளியே வாங்கிய டயரை மாட்டுவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது கடையில் மாட்டக் கூலி, பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன் செய்வது), புது வால்வு என்று தனித்தனியாகக் கணக்கு வந்தது. அங்கேயே டயர் வாங்கியிருந்தால் இவற்றில் பாதி விலைக்குள் அடங்கியிருக்கும், பழைய டயருக்கும் ஏதோ ஒரு தொகை கழித்திருப்பார்கள். வீட்டுக்கு வந்து கூட்டிக் கழித்துப் பார்த்தபோது இரண்டு டயருக்கும் சேர்த்து எனக்கு மிச்சமானது தொண்ணூறு ரூபாய்.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று அன்று நடந்தது; அது எனக்கு ஏழு மாதம் கழித்துத்தான் புரிந்தது. இடப்பக்க முன் டயரின் வெளிப்பக்கத்தில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள், புதிதுபோல நின்றிருக்க, உள்பக்கம் மட்டும் மொட்டையாகிவிட்டிருந்தது. இணையத்தில் தரமில்லாத டயரைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பால்பண்ணை பக்கம் லாரிகளுக்கும் கார்களுக்கும் டயர் மாட்டும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் டயரைப் படுக்கப்போட்டு, உள்ளங்கையால் ஒருமுறை வெளியிலிருந்து உள்ளே, ஒருமுறை உள்ளேயிருந்து வெளியே தடவிப் பார்த்தார். "அம்மா, இந்த டயரைக் குற்றம் சொல்லாதீர்கள். இதற்கு முன்னால் கழற்றிய டயரும் இப்படித்தான் தேய்ந்திருக்கும். அப்போது யாரும் பார்த்துச் சொல்லவில்லையா?" என்றார்.

யாரும் சொல்லவில்லை. வேறிடத்தில் வாங்கிய டயரை மாட்டிவிடச் சொன்னேன், மாட்டினார்கள். கழற்றியதை மூலையில் உருட்டிவிட்டார்கள். நானும் குனிந்து பார்க்கவில்லை. சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ் என்ற ரப்பர் பாகம் தேய்ந்து சக்கரம் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. புஷ்ஷை மாற்றி, அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணம், பார்த்த பிறகு அந்தக் கோளாறு தீர்ந்தது. அதற்குள் ஒரு புது டயர் போய்விட்டது.

உள்ளூர்க் கடை என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். காரின் உடம்பில் என்ன கோளாறு என்பதைக் கழற்றிய பழைய டயர்தான் சொல்லும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட் அல்லது எனக்கு நேர்ந்ததுபோல் சஸ்பென்ஷன் பாகம். கையால் ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பாகவும் எதிர்ப்பக்கம் தடவினால் சுரசுரப்பாகவும் இருந்தால் சக்கரங்கள் நேராக ஓடவில்லை. திட்டுத் திட்டாகப் பள்ளம் விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் பார்க்க வேண்டும். டயர் விற்றவரும் மாட்டியவரும் ஒருவரே என்றால், ஆறு மாதத்தில் நாம் திரும்பி வந்து சண்டை போடுவோம் என்று அவருக்குத் தெரியும். ஆகவே பார்ப்பார். பார்க்காவிட்டாலும் நாம் பார்க்கச் சொல்லலாம்.

அந்த ஜோடியில் மற்ற டயரின் கதையும் உண்டு. அதன் பக்கவாட்டில் ஒரு புடைப்பு வந்தது. விற்றவர் வேறு மாநிலத்தில் இருந்தார். கம்பெனியைக் கேளுங்கள் என்றார். மின்னஞ்சல்கள், புகைப்படங்கள், காத்திருப்பு என்று ஐந்து வாரம் ஓடியது. கடைசியில் வந்து பார்த்தவர், பள்ளத்தில் மோதி உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன, தயாரிப்புக் குறை இல்லை, வாரண்டி கிடைக்காது என்றார். அவர் சொன்னது சரிதான். இப்படிப்பட்ட புடைப்பு பெரும்பாலும் அடிபட்டுத்தான் வரும். ஆனால் ஐந்து நிமிடத்தில் ஒரு கடைக்காரர் சொல்லக்கூடியதை அறிய ஐந்து வாரம், வெடிக்கக்கூடிய டயரைக் கழற்றி ஸ்டெப்னியில் ஓடிக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று சொல்லவில்லை. அதிக லாபம் கிடைக்கும் கம்பெனியையே தள்ளிவிடுவார்கள். தேதி பார்க்கக் குனிந்தால் முகம் சுளிப்பார்கள். துண்டுச் சீட்டில் கணக்கு எழுதித் தருவார்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாரண்டி கேட்கப் போவது வீண். 2025 செப்டம்பர் 22 முதல் புது கார் டயருக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதைச் சரிபாருங்கள். காற்றுக்குப் பதில் நைட்ரஜன் நிரப்புவது கட்டாயம் என்றால் நம்ப வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் இருமுறை, டயர் சூடாகும் முன், காற்று பார்த்தால் போதும்.

போவதற்கு முன் உங்கள் டயரின் எழுத்துகளைப் படித்துக்கொள்ளுங்கள். என்னுடையது 165/80 ஆர்14 85டி. அகலம் 165 மில்லிமீட்டர், பக்கவாட்டின் உயரம் அதில் 80 சதவீதம், ஆர் என்பது ரேடியல் என்ற டயர் வகை, 14 அங்குல ரிம், 85 என்றால் ஒரு டயர் தாங்கும் எடை 515 கிலோ, டி என்றால் வேக வரம்பு மணிக்கு 190 கிலோமீட்டர். எடை எண்ணும் வேக எழுத்தும் கார் கம்பெனி கொடுத்ததற்குக் கீழே இறங்கக் கூடாது. இந்த ஒரு வரியைச் சொல்லி, "இந்த ஆண்டுச் சரக்கு இருக்கிறதா?" என்று கேட்ட நாள் முதல் எந்தக் கடையிலும் விலையை என் தம்பியிடம் சொல்வதில்லை. அவனை அழைத்துப் போவதையும் நிறுத்திவிட்டேன். இணைய விலையைக் கைப்பேசியில் காட்டினேன். ஒரு டயருக்கு முந்நூறு ரூபாய் குறைத்தார்கள்.

ஊரில் கிடைக்காத அளவு என்றால் இணையம்தான் வழி. அப்போதும், பணம் கட்டிவிட்டு ஊரிலுள்ள டீலரிடமே மாட்டிக்கொள்ளும் வசதி சில டயர் கம்பெனிகளின் சொந்தத் தளங்களில் இருக்கிறது, அதைத் தேடுங்கள். டயர் வந்ததும், மாட்டுவதற்கு முன்பே, தேதி இலக்கங்களையும் ஐஎஸ்ஐ முத்திரையையும் படம் எடுத்துவிடுங்கள். தகராறு என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

இரண்டு டயர்கள் மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் இன்னொன்று. முன்சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கின்றன, புதியதை முன்னால் போடுங்கள் என்று கடையில் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். பின்னால் போடச் சொன்னேன். மழைத்தண்ணீரில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். முன்னால் போன பழைய ஜோடியில் பட்டன் எவ்வளவு மிச்சம் என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பள்ளங்களுக்குள் இருக்கும் சிறு மேட்டைத் தொட்டுவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் பாக்கி. இரண்டல்ல, நான்காக வாங்க வேண்டியிருக்கும்.