வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா? ஐந்தாவது வேலையில் இருக்கும் ஆட்டிசம் உள்ளவரின் கேள்வி

கேள்வி: எனக்கு வயது 34. ஆட்டிசம் என்று 32 வயதில்தான் உறுதியானது. 11 ஆண்டுகளில் இது ஐந்தாவது வேலை, சேர்ந்து 14 மாதம் ஆகிறது. முந்தைய நான்கு வேலைகளிலும் முதல் ஆண்டு நன்றாகப் போனது. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் உடம்பும் மனமும் நின்றுவிடும். விட்டுவிட்டு ஐந்து மாதம்போல வீட்டில் கிடப்பேன். என் மாதச் செலவை 100 என்று வைத்தால் கைக்கு வருவது 130. பத்து மாதச் செலவுக்கான சேமிப்பு இருக்கிறது, கிரெடிட் கார்டில் ஒரு மாதச் செலவளவு பாக்கியும் இருக்கிறது. பழைய வரைபடங்களைக் கணினியில் இன்றைய வரைபடத்தோடு பொருத்துவதில் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பேன். கணினியில் வரைபடங்களையும் இடத் தகவல்களையும் கையாளும் துறையான புவியியல் தகவல் முறைமையில் ஓராண்டு முழுநேரப் படிப்பு இருக்கிறது. கட்டணம் ஏழு மாதச் செலவு. சேமிப்பை அதில் போடலாமா? அக்கா கூடாது என்கிறார். நான் எதற்கு லாயக்கு என்றே எனக்குத் தெரியவில்லை.

பதில்: இப்போது போட வேண்டாம். அக்கா என்ன காரணம் சொல்கிறாரோ தெரியாது, கணக்கு சொல்லும் காரணம் இது. கட்டணம் 7 மாதச் செலவு, சம்பளமில்லாத ஓராண்டு 12 மாதச் செலவு, ஆக 19. கார்டு பாக்கி போக உங்களிடம் இருப்பது 9. படிப்பு முடிந்து வேலை கிடைக்கும்வரை ஆகும் மாதங்களை இதில் இன்னும் சேர்க்கவே இல்லை. படிப்பின் நடுவிலேயே பணம் தீர்ந்துவிடும். அந்தப் பதற்றத்தோடு தேர்வு எழுதுவது யாருக்கும் கடினம், உங்களுக்கு இன்னும் கடினம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் இதைவிடப் பெரிய தொகை ஒன்று ஒளிந்திருக்கிறது. நான்கு முறை வேலையை விட்டீர்கள், ஒவ்வொரு முறையும் ஐந்து மாதம் சேமிப்பிலிருந்து சாப்பிட்டீர்கள். மொத்தம் 20 மாதச் செலவு. அந்தப் படிப்பும் ஓராண்டு வாழ்க்கையும் சேர்ந்ததைவிட ஒரு மாதம் அதிகம். உங்கள் பணத்தைக் கரைத்தது இந்த இடைவெளிகள்தான். பழைய கணக்குப்படி அடுத்தது இன்னும் பத்து மாதத்தில் வரும். அதைத் தடுப்பதற்கு ஈடான லாபம் எந்த முதலீட்டிலும் உங்களுக்குக் கிடைக்காது.

உடம்பும் மனமும் நின்றுபோகும் அந்த நிலைக்கு ஆட்டிச பர்ன்அவுட் என்று பெயர். ஆய்வாளர் டோரா ரேமேக்கரும் அவர் குழுவினரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு அதன் அடையாளங்களைத் தெளிவாக்கியது. மூன்று மாதமோ அதற்கு மேலோ நீளும் களைப்பு, முன்பு செய்ய முடிந்தவை கைவிட்டுப் போவது, ஒலி, ஒளி போன்றவற்றைத் தாங்கும் சக்தி குறைவது. இதைச் சோம்பல் என்றும், வேலை பிடிக்கவில்லை என்றும் வெளியில் இருப்பவர்கள் சொல்வார்கள். நீங்களும் "வீட்டில் கிடப்பேன்" என்று ஏறக்குறைய அதே தொனியில்தான் எழுதியிருக்கிறீர்கள். பர்ன்அவுட்டில் கிடக்கும்போது "நான் எதற்கு லாயக்கு" என்று கேட்டால் "எதற்கும் இல்லை" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை நம்பிப் பெரிய தொகை எதையும் நகர்த்தக் கூடாது.

பர்ன்அவுட் வருவது பெரும்பாலும் வேலையின் உள்ளடக்கத்தால் அல்ல, அதைச் சுற்றியுள்ளவற்றால். தடுப்புகள் இல்லாத அலுவலகக் கூடத்தில் இரைச்சல், வாய்மொழியாக வரும் உத்தரவு, சொல்லாமல் மாறும் அட்டவணை, நாள் முழுக்க இயல்பாக இருப்பதுபோல் நடிக்கும் உழைப்பு. இன்னொன்று, பதவி உயர்வு. நன்றாக வேலை செய்பவரை ஓராண்டில் ஆட்களை மேய்க்கும் இடத்துக்கு உயர்த்துவார்கள். பிடித்த வேலை போய்க் கூட்டங்கள் வந்துவிடும். நான்கு வேலைகளும் முறிந்த மாதத்தில் என்ன மாறியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே காரணம் இரண்டு முறை வந்தாலே போதும். அடுத்து எதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது அதிலேயே தெரியும்.

சம்பளத்தையும் வேறு விதமாக எண்ண வேண்டும். வாரம் 40 மணி நேர வேலைக்கு மாதம் 130 என்றால் மணிக்கு 0.75. இதோடு பயணம் வாரத்துக்கு 7 மணி, வேலை முடிந்து இருட்டறையில் படுத்துக் கிடக்கும் நேரம் தினம் 2 மணி, சனிக்கிழமை மொத்தமாகப் போகும் 10 மணி என்று வையுங்கள். வாரம் 67 மணி ஆகிறது. மணிக்கு 0.45தான் மிஞ்சுகிறது. இதற்குப் பதில் சம்பளம் 104, அதே 40 மணி நேர வேலை பெரும்பாலும் வீட்டிலிருந்தே, பயணமும் மீள வேண்டிய நேரமும் சேர்ந்து வாரம் 5 மணிதான் என்றால் மணிக்கு 0.53. தாளில் குறைந்த சம்பளம், மணிக்கணக்கில் கூடுதல். மேலே சொன்ன மணிகள் உதாரணத்துக்கு. நான்கு வாரம் குறித்துவைத்து உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். பலர் ஆட்டிசம் உறுதியான பிறகும் இந்த மீட்பு நேரத்தை ஓய்வு என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது வேலைக்காகக் கொடுக்கும் நேரம்.

104 என்ற எண்ணைக் கவனித்தீர்களா? வாரம் நான்கு நாள் வேலை செய்தால் உங்களுக்கு வரக்கூடிய சம்பளம் அதுதான், 130-இல் ஐந்தில் நான்கு பங்கு. செலவு 100. இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் ஓடும். சேமிப்பு மாதம் 30-க்குப் பதில் 4 என்று இறங்கும். பத்து மாதத்தில் முறிந்து ஐந்து மாதச் செலவைச் சேமிப்பிலிருந்து கொடுப்பதைவிட இது மலிவு. கிடைக்கும் ஒரு நாள்தான், எது உங்களுக்குப் பொருந்தும் என்ற தேடலுக்கான மூலதனம்.

மேலாளரிடம் கேட்கும்போது ஆட்டிசம் என்ற சொல்லோடு தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. "வேலையை எழுத்தில் தந்தால் தவறு குறைகிறது, புதன்கிழமை இல்லாமல் நான்கு நாளில் இன்னின்னதை முடித்துத் தருகிறேன், மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்" என்று ஒரு மின்னஞ்சல் போதும். மறுத்தால் அடுத்த படியாக மருத்துவச் சான்றோடு முறைப்படி கேட்கலாம். வேலையிடத்தில் நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையின் (2006) 27-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. நடைமுறை நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் யாரிடம் சொல்கிறோம், எவ்வளவு சொல்கிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சேமிப்புக்கு வருவோம். முதலில் கார்டு பாக்கியை இன்றே முழுதாக அடைத்துவிடுங்கள். சேமிப்புக்கு வரும் வட்டியைக் கார்டு வட்டி பல மடங்கு விழுங்கிவிடும். மீதி 9-இல் 6 மாதச் செலவைத் தொடாத நிதியாகத் தனிக் கணக்கில் வையுங்கள். உங்கள் இடைவெளிகள் ஐந்து மாதம் நீண்டவை என்பதால் ஒரு மாதம் கூடுதலாக 6 என்றேன். இதைப் பங்குச் சந்தையில் போடாதீர்கள், எடுக்கும் நேரத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கப் போவதில்லை, உடம்பு தேர்ந்தெடுக்கும். 2 மாதச் செலவு வருமானம் தடுமாறும் மாதங்களுக்கு. மீதி 1 மாதச் செலவுதான் திசை தேடும் பணம், அது தீர்ந்தால் வேறு பையிலிருந்து எடுக்கக் கூடாது. உதவித்தொகை ஏதாவது பெறுபவராக இருந்தால் கணக்கைப் பிரிக்கும் முன் விதிகளைப் பாருங்கள். சில நாடுகளில் சேமிப்பு ஒரு வரம்பைத் தாண்டினால் உதவி நின்றுவிடும்.

வாடகை, மின்சாரம், காப்பீடு எல்லாம் சம்பளம் வந்த மறுநாள் ஆட்டோ டெபிட்டில் போகட்டும். மாதம் 4 என்ற அளவில் மறதிக்கென்று ஒரு தொகையும் ஒதுக்குங்கள்: ரத்து செய்ய மறந்த சந்தா, தாமதக் கட்டணம், இரண்டாவது முறை வாங்கிய அதே பொருள். நான்கு நாள் வேலைக்குப் போனால் மிஞ்சும் 4 முழுவதும் இதற்கே போகலாம், பரவாயில்லை. ஒலியடக்கும் ஹெட்ஃபோன், கூட்டமான வண்டிக்குப் பதில் தனி வண்டி போன்ற செலவுகளை ஆடம்பரம் என்று யாராவது வெட்டச் சொன்னால் கேட்காதீர்கள். அவை உங்களை வேலையில் நிறுத்தும் தூண்கள். ஆட்டிசம் உள்ள பலருக்குத் தன் உடம்பின் களைப்பு தாமதமாகத்தான் தெரியும். கணக்குப் புத்தகத்துக்கு முன்பே தெரிந்துவிடும். தயார் உணவுச் செலவும் தாமதக் கட்டணமும் இரண்டு மாதம் தொடர்ந்து ஏறினால் விடுப்பு எடுங்கள், மூன்றாம் மாதம் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

இப்போது வரைபடம். ஆட்டிசம் பற்றி எழுதிய டைனா மர்ரே, மைக் லெஸ்ஸர், வென் லாசன் மூவரும் 2005-இல் எழுதிய கட்டுரை, ஆட்டிசம் உள்ளவரின் கவனம் சில ஆழமான தடங்களில் மட்டும் பாயும் என்றது. உங்கள் இரவு நேர வேலை அப்படியொரு தடம். அதை நான் மதிக்கிறேன். ஆனால் பிடித்ததைத் தொழிலாக்கினால் அதோடு கெடு நாள், தெளிவில்லாத வேண்டுகோள், அடுத்தவர் திருத்தம் எல்லாம் சேர்ந்து வரும். வரைபடம் பிடிக்குமா என்று சோதிக்கத் தேவையில்லை, அது தெரிந்ததுதான். இன்னொருவருக்காகச் செய்யும்போதும் பிடிக்கிறதா என்பதையே சோதிக்க வேண்டும்.

மூன்று சோதனை, ஒவ்வொன்றும் ஆறு வாரம், கிடைத்த அந்த ஒரு நாளில் மட்டும். முதலாவது, ஒரு பழைய வரைபடத்தைக் க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் இன்றைய வரைபடத்தோடு பொருத்தி, எப்படிச் செய்தீர்கள் என்ற குறிப்போடு முடிப்பது. மென்பொருள் இலவசம். இரண்டு வரைபடத்திலும் எந்தப் பொதுப் புள்ளிகளை எடுத்தீர்கள், எந்த உருமாற்றம் (பழையதைப் புதியதோடு பொருந்துமாறு நீட்டித் திருப்பும் கணக்கு), பிழை எவ்வளவு என்பது குறிப்பில் வரட்டும், வேலை கேட்டுப் போகும்போது காட்டுவதற்கு அதுதான். ஆட்டிசம் உள்ள அமெரிக்க விஞ்ஞானி டெம்பிள் கிராண்டின் கால்நடைக் கொட்டில் வடிவமைப்பில் நுழைந்ததும் இப்படித்தான். பேச்சில் ஈர்க்கப் பார்க்காமல் தான் வரைந்த வடிவமைப்புகளைக் காட்டினார். இரண்டாவது, ஓர் உள்ளூர் வரலாற்று ஆர்வலருக்கோ நூலகத்துக்கோ அவர்கள் கேட்டதை அவர்கள் சொன்ன தேதிக்குள் செய்து தருவது. மூன்றாவது, சிறியதாக இருந்தாலும் காசு வாங்கிக்கொண்டு செய்வது. ஒவ்வொன்றுக்கும் இரண்டே குறிப்பு: முடித்தபின் மீள எத்தனை மணி ஆனது, மறுநாள் யாரும் சொல்லாமல் அதைத் திரும்பத் திறந்தீர்களா.

எளிய உருமாற்றத்துக்கு மூன்று புள்ளி போதும் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்றோடு நிறுத்தினால் பிழை பூஜ்யம் என்று காட்டும், சரிபார்க்க நான்காவது இல்லாததால். ஒரு நல்ல வாரத்தை வைத்து வாழ்க்கையை முடிவு செய்வதும் அப்படித்தான். மோசமான வாரமும் இடையில் வந்துபோகும் அளவுக்குச் சோதனை நீள வேண்டும், ஆறு வாரம் என்றது அதற்காக.

இரண்டாவதில் மூச்சு முட்டி, முதலாவதில் மட்டும் மகிழ்ச்சி இருந்தால் அது தோல்வி அல்ல. வரைபடம் இரவில் உங்களுடையதாகவே இருக்கட்டும், நான்கு நாள் வேலை அதற்குச் சோறு போடட்டும். வாழ்வின் பொருள் சம்பளச் சீட்டிலேயே இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. என் பார்வையில் பலருக்கு இதுவே நீடிக்கும் ஏற்பாடு.

மூன்றும் நன்றாகப் போனால் படிப்பு நியாயமாகிறது. ஆனால் அப்போதும் பகுதிநேரமாக, ஒவ்வொரு பாடமாகக் கட்டணம் கட்டும் படிப்பைத் தேடுங்கள். இப்போது பார்த்திருக்கும் இடத்துக்கும் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள்: இரண்டாண்டாகப் பிரித்துப் படிக்கலாமா, உடல்நிலை காரணமாக நடுவில் நிறுத்தினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும், வகுப்புகளின் பதிவும் பாடக் குறிப்பும் எழுத்தில் கிடைக்குமா. மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள், "இன்றே கடைசி நாள்" என்று சொன்னாலும்.