பி.பி. தடயம் பொறுக்கப் போக மாட்டார்

கேள்வி: அரசு வழக்கறிஞரான ஒரு பெண்ணை நாயகியாக வைத்துக் குற்ற நாவல் எழுதியிருக்கிறேன். கொலை நடந்த வீட்டுக்கு அவரே போய்த் தடயம் எடுக்கிறார். எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சாதகமான ஆய்வக அறிக்கையை நீதிக்காக மறைக்கிறார். கடைசி அத்தியாயத்தில், யாருக்கும் தெரியாத சாட்சியைக் கூண்டில் ஏற்றி ஜெயிக்கிறார். படித்துப் பார்த்த வக்கீல் நண்பர் "இதெல்லாம் நடக்காது" என்கிறார். சட்டப்படியே எழுதினால் விறுவிறுப்பு போய்விடாதா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நண்பர் சொன்னதுதான் சரி. புலன்விசாரணை போலீஸின் வேலை. செஷன்ஸ் கோர்ட்டில் வழக்கை நடத்துவது பி.பி.யின், அதாவது அரசு வழக்கறிஞரின் வேலை. பி.பி.யின் கருத்தைக் கேட்டுக் குற்றப்பத்திரிகை போடும்படி புலனாய்வு அதிகாரிக்கு உத்தரவிட முடியாது என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2000-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கருத்துக்கே அந்த நிலை. உங்கள் நாயகி தடயத்தைத் தன் கையால் எடுத்தால், அதை நிரூபிக்க அவரே சாட்சிக் கூண்டில் ஏற வேண்டிவரும். பிறகு வழக்கை நடத்துவது யார்?

திடீர்ச் சாட்சியும் அப்படித்தான். அரசுத் தரப்பு நம்பியிருக்கிற வாக்குமூலம், ஆவணம் எல்லாவற்றுக்கும் எதிரிக்கு இலவச நகல் கொடுத்தாக வேண்டும். புதிதாக ஒருவரை விசாரிக்க மனுப் போட வேண்டும்: பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 311, அதன் இடத்தில் வந்த இப்போதைய பி.என்.எஸ்.எஸ்.ஸில் 348. எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். நீதிபதி அனுமதித்தாலும் குறுக்கு விசாரணைக்கு அவர்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். கதவைத் திறந்துகொண்டு யாரும் வந்து நிற்க முடியாது.

விறுவிறுப்பு போய்விடும் என்கிறீர்கள். யாருக்கும் தெரியாத சாட்சியை விட்டுவிடுங்கள். எல்லாருக்கும் தெரிந்த சாட்சி கூண்டில் ஏறியதும் என்ன சொல்வார் என்பதில்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி, கண்ணால் பார்த்தவர். போலீஸிடம் "வெட்டியதைப் பார்த்தேன்" என்றவர், கூண்டில் "சத்தம் கேட்டு ஓடிவந்தேன், யாரையும் பார்க்கவில்லை" என்கிறார். இப்போது நாயகி என்ன செய்ய வேண்டும்? தன் தரப்புச் சாட்சியிடம் முதல் விசாரணையில் பதிலை உள்ளே வைத்த கேள்வியைக் கேட்கக் கூடாது. எனவே முதலில் அவரைப் பிறழ் சாட்சியாக (சொன்னதை மாற்றிப் பேசுகிறவராக) கருதிக் குறுக்கு விசாரணை செய்ய நீதிபதியிடம் அனுமதி கேட்க வேண்டும். கிடைத்ததும், போலீஸ் எழுதிய வாக்குமூலத்திலிருந்து அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டி, "இப்படிச் சொன்னீர்களா?" என்று கேட்க வேண்டும். "சொல்லவில்லை" என்பார். தாளில் அவர் கையெழுத்து இருக்காது. வாங்கவே கூடாது என்பது சட்டம். பிறகு ஒருநாள் இன்ஸ்பெக்டர் கூண்டில் ஏறும்போது, "அந்தச் சாட்சி உங்களிடம் அப்படிச் சொன்னாரா?" என்று அவரிடமும் கேட்டால்தான் முரண்பாடு நிரூபணமாகும். இரண்டில் ஒரு கேள்வி விட்டுப்போனாலும் போனதுதான்.

நிரூபித்தாலும்கூட, "பார்த்தேன்" என்ற வரி சாட்சியம் ஆகிவிடாது. கூண்டில் அவர் சொன்னதன் நம்பகத்தைக் குறைக்க மட்டுமே அது உதவும். பெரும்பாலான குற்ற நாவல்கள் சறுக்குவது இங்கேதான். ஆனால் பிறழ்ந்தவர் சொன்னது முழுவதையும் கோர்ட் தள்ளிவிட வேண்டியதில்லை. "சத்தம் கேட்டு ஓடிவந்தேன்" என்றாரே, அதிலிருந்து சம்பவ நேரமும் இடமும் கிடைக்கின்றன. உங்கள் நாயகியின் உறுதியை அங்கே காட்டுங்கள்: கைவிட்டுப் போன சாட்சியிடமிருந்து இரண்டு வார்த்தையை மீட்டெடுப்பதில்.

எதிர்த்தரப்பு அடிக்கும் இடங்களும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். இரவு 10 மணிக்குப் பதிவாகிறது; அதில் மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து மறுநாள் மாலை 4 மணி என்று இருக்கிறது. கோர்ட்டோ ஸ்டேஷனிலிருந்து 4 கிலோமீட்டர். அந்த 18 மணி நேரத்தில் போலீஸ்காரர்கள் உட்கார்ந்து எதிரிகளின் பெயர்களைச் சேர்த்தார்கள் என்பார்கள். எஃப்.ஐ.ஆரைக் கோர்ட்டுக்கு எடுத்துக்கொண்டு போன கான்ஸ்டபிளை விசாரித்து நாயகி இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அரிவாளைக் கைப்பற்றும் காட்சியில் எதிரி போலீஸிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார், கோர்ட் அதை ஏற்கிறது என்று எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போலீஸிடம் தந்த ஒப்புதல் செல்லாது. பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டிய பகுதி மட்டும் செல்லும். "வெட்டிய அரிவாளைக் கிணற்றடியில் புதைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்" என்றால் "வெட்டிய" போய்விடும், மற்றது நிற்கும். பிரிட்டிஷ் ஆட்சியில் நம் வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் போட்ட கோடு இது. பொருளைக் கைப்பற்றியதை எழுதிவைக்கும் மகஜரில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்ட வி.ஏ.ஓ. குறுக்கு விசாரணையில் "ஸ்டேஷனில் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள்" என்று சொல்லிவிட்டால் அரிவாளும் ஆட்டம் காணும்.

சில்லறைத் திருத்தங்கள்: நம் நீதிபதி சுத்தியல் தட்டுவதில்லை. ஜூரியும் இல்லை. கொலை 2024 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ நடந்தால் பழைய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 302 அல்ல, அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.ஸின் 103. புதிய சட்டத்தின் 302, மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சைப் பற்றியது.

ஆய்வக அறிக்கையை மறைப்பதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. எப்படியாவது தண்டனை வாங்கிவிட வேண்டும் என்ற தாகம் பி.பி.க்குக் கூடாது என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. எதிரிக்குச் சாதகமானதையும் கோர்ட்டின் முன் வைப்பது அவர் கடமை. மறைக்கிறவரை நீதி தேடுகிறவர் என்று எழுத முடியாது. அந்த அறிக்கையை அவரே தாக்கல் செய்யட்டும். கொலையுண்டவரின் தாய் பின்வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். கடைசி அத்தியாயத்தை எடுத்துவிட்டு, இன்ஸ்பெக்டர் கூண்டில் ஏறும் நாளிலிருந்து மறுபடி எழுதுங்கள். கேட்க வேண்டிய அந்த ஒரு கேள்வி இன்னும் நாயகியின் கேஸ் கட்டுக்குள்ளேயே இருக்கிறது.